அஞ்சல் அறமா? வாணிகமா?

மடல் சுமக்கும் தனியுரிமையை அரசஞ்சலுக்கு அளித்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2024 சூன் 18இல் மறைந்தது. புதிய சட்டத்தில் அவ்வுரிமை இல்லை. அவ்வாண்டே அமேசானொடு அஞ்சல்துறை பொதி உடன்பாடு செய்தது. 2025இல் பதிவஞ்சலும் விரைவஞ்சலுள் கரைந்தது.

தமிழீர், எண்ணிப் பார்மின்! ஓசூர்ச் சிப்காட்டுப் பொதிகள் கொழுத்த வருவாய் தருவன. அவற்றுக்குத் தனியார் முந்துவர். அஞ்செட்டி மலையூர்களுக்கு ஒற்றை மடலொடு ஏறுவார் யார்? அஞ்சற்காரரே! கொழுப்பு தனியார்க்கு, எலும்பு அஞ்சலுக்கோ? தனியாரொடு கைகோத்து ஈட்டும் பணம் சிற்றூர்க் கிளை அஞ்சலகங்களையே முதலில் காத்தல் வேண்டும்.

அவ்வஞ்சலகங்களில் அமர்வோர் தமிழறிந்தோராதல் வேண்டும். 2019 சூலை 14இல் தமிழை விலக்கி நடத்திய அஞ்சல் தேர்வைத் தமிழக எதிர்ப்பே இரண்டு நாளில் நீக்கச் செய்தது. எல்லை காக்கும் ஓசூர்த் தமிழீர்! அவ்வெதிர்ப்பை மீண்டும் எழுப்புமின்!