மடி, சீட் பெல்ட் ஆகாது

லீவு விட்டா சென்னையில இருந்து கடலூர், சிதம்பரம் பக்கம் குழந்தைகளோட கார்ல கிளம்புறவங்களுக்காக இந்த த்ரெட். கொஞ்சம் நீளம்தான். வீட்டுல சின்னக் குழந்தை இருந்தா கடைசி வரை படிச்சுடுங்க.

1/
ஈ.சி.ஆர். வழியா சிதம்பரம் சுமார் 220 கிலோமீட்டர். மாமல்லபுரம், மரக்காணம் உப்பளம், புதுச்சேரி, கடலூர் சில்வர் பீச், அப்புறம் பிச்சாவரம் படகு, நடராஜர் கோயில். குழந்தைகளைக் கூட்டிட்டுப் போக இதைவிட நல்ல ரூட் கம்மி. போகவேண்டாம்னு சொல்ல வரல. எப்படிப் போறோம்ங்கறதுதான் பிரச்சனை.

2/
அரசு மருத்துவமனை கேஷுவாலிட்டியில வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும் ஒரு விஷயம் சொல்வாங்க. கார் விபத்துன்னு வர்ற பெரியவங்க பெல்ட் போட்டிருந்தாங்களான்னு கேட்டா ஏதோ ஒரு பதில் வரும். குழந்தை எங்க உட்கார்ந்திருந்ததுன்னு கேட்டா பெரும்பாலும் ஒரே பதில்தான். "அம்மா மடியில, சார்."

3/
மடிதான் பாதுகாப்புன்னு நாம நம்புறோம். கணக்குப் போட்டுப் பாருங்க. கார் 50 கிலோமீட்டர் வேகத்துல போகுது. எதுலயோ மோதி 0.1 விநாடியில நிக்குது. அந்த நேரத்துல 10 கிலோ குழந்தையைப் பிடிச்சு நிறுத்த சுமார் 140 கிலோ எடைக்குச் சமமான பிடி வேணும். எந்த அம்மாவாலயும், எந்த பயில்வானாலயும் முடியாது. இது பாசம் சம்பந்தப்பட்ட விஷயமே இல்ல, இயற்பியல்.

4/
அம்மா பெல்ட் போடலைன்னா இன்னும் மோசம். அவங்க உடம்பு மொத்தமும் முன்னாடி வந்து குழந்தையை டேஷ்போர்டோட வச்சு அழுத்தும். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பெல்ட் போட்டாலும் இதே கதிதான். முன் சீட்டுன்னா ஏர்பேக் வேற. மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்துல விரியுற பை அது, பெரியவங்க நெஞ்சுக்காக செஞ்சது. குழந்தையோட கழுத்துக்கு அது அடி.

5/
குழந்தைங்கறது சின்ன சைஸ் பெரிய மனுஷன் இல்ல. பிறந்த குழந்தைக்கு உடம்பு நீளத்துல கால்வாசி தலைதான். கழுத்துத் தசை பலமில்லாதது, எலும்பு இன்னும் முழுசா கெட்டியாகல. திடீர்னு நின்னா தலைதான் முதல்ல முன்னாடி பாயும். அதனாலதான் கைக்குழந்தையை பின் சீட்டுல, முதுகு வண்டியோட முன்பக்கம் பார்த்து இருக்கிற மாதிரி உட்கார வைக்கச் சொல்றோம். அடி முதுகு முழுக்கப் பரவிடும், கழுத்துல மட்டும் விழாது.

6/
சுருக்கமா வச்சுக்கோங்க.
குறைஞ்சது 2 வயசு வரை: பின் சீட்டுல, பின்னோக்கிப் பார்க்கிற சைல்டு சீட்.
அதுக்கப்புறம்: முன்னோக்கிப் பார்க்கிற, அஞ்சு முனை பெல்ட் உள்ள சீட்.
அதுவும் பத்தாம போனா, உயரம் சுமார் 145 செ.மீ. வர்ற வரை: பூஸ்டர் சீட்.
பூஸ்டர் எதுக்குன்னா, பெரியவங்க பெல்ட் குழந்தைக்கு வயித்து மேலயும் கழுத்து மேலயும் ஏறிடும். பெல்ட் இடுப்பு எலும்பு மேல உட்காரணும். வயித்துல அழுத்தினா குடல், கல்லீரல் அடிபடும்.

7/
"பின் சீட்டுதானே, பெல்ட் எதுக்கு?" 2022 செப்டம்பர் 4. பால்கர் பக்கத்துல சைரஸ் மிஸ்திரி இறந்த விபத்து. விலை உயர்ந்த, பாதுகாப்பான கார். முன் சீட்டுல பெல்ட் போட்ட ரெண்டு பேரும் பிழைச்சாங்க. பின் சீட்டுல பெல்ட் போடாத ரெண்டு பேரும் இறந்துட்டாங்க. இதுக்கு மேல விளக்கம் தேவையில்ல. சன்ரூஃப் வழியா குழந்தையை நிக்க வச்சு வீடியோ எடுக்கிறவங்களும் இதை ஒருமுறை யோசிக்கணும்.

8/
சைல்டு சீட் கைக்குழந்தைகளோட சாவை சுமார் 70 சதவீதம் குறைக்கும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஒரு தடுப்பூசிக்கு இந்த மாதிரி நம்பர் இருந்தா வரிசையில நின்னு போட்டுக்குவோம்.

9/
அடுத்து, கிளம்புற நேரம். "ராத்திரி 2 மணிக்கு எடுத்தா டிராஃபிக் இருக்காது, பசங்களும் தூங்கிடும்." குழந்தை தூங்கும், சரி. டிரைவர்? ராத்திரி 2 மணியில இருந்து காலை 6 மணி வரைதான் நம்ம மூளை தூக்கத்துக்கு ரொம்ப ஏங்குற நேரம். காபி குடிச்சாலும் சில விநாடி கண் மூடும். 80 கிலோமீட்டர் வேகத்துல 3 விநாடி கண் மூடினா வண்டி 65 மீட்டருக்கு மேல யாரும் ஓட்டாமலே போயிருக்கும். நல்லா தூங்கி எழுந்து விடியக்காலை வெளிச்சத்துல கிளம்புங்க. டிபன் புதுச்சேரியில சாப்பிட்டுக்கலாம்.

10/
2 மணி நேரத்துக்கு ஒருதரம் நிறுத்துங்க. குழந்தை இறங்கி ஓடட்டும், ஒன்னுக்குப் போகட்டும். "அடுத்த ஊர் வரைக்கும் அடக்கிக்கோ"ன்னு சொல்லி, தண்ணியும் குடுக்காம கூட்டிட்டுப் போனா, ஊர் போய்ச் சேர்ந்ததும் நீர்க்கடுப்பு, மலச்சிக்கல். குறிப்பா பெண் குழந்தைகளுக்கு.

11/
"அழாம தூங்கட்டும்"னு சளி மருந்தோ அலர்ஜி சிரப்போ குடுக்கிற பழக்கம் இருந்தா இன்னைக்கே விட்டுடுங்க. சில தூக்கம் வர்ற மருந்துகள் 2 வயசுக்குக் கீழ மூச்சையே நிறுத்தக்கூடியவை. அந்த வயசுல பயண வாந்தி பொதுவா வராது. பெரிய குழந்தைக்கு வந்தா வயிறு முட்ட குடுக்காதீங்க, மொபைலை வாங்கி வச்சுட்டு தூரமா வெளிய பார்க்கச் சொல்லுங்க, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து விடுங்க. மாத்திரை வேணும்னா கிளம்புறதுக்கு முன்னாடியே டாக்டரைக் கேளுங்க.

12/
கோயில் வாசல்ல, "தூங்குறான், எழுப்ப வேண்டாம், அஞ்சு நிமிஷத்துல வந்துடலாம்"னு குழந்தையை காருக்குள்ள விட்டுட்டுப் போகவே போகாதீங்க. மூடின கார் வெயில்ல 10 நிமிஷத்துல 10 டிகிரி வரை ஏறும். சித்திரை வெயில்ல கடலூர் மாவட்டத்துல என்ன ஆகும்னு நீங்களே நினைச்சுப் பாருங்க.

13/
இப்ப என் ஆதங்கம். 2012-ல சென்னையில பள்ளி பஸ்ஸோட ஓட்டை வழியா ஒரு குழந்தை விழுந்து இறந்தது. தமிழ்நாடே கொதிச்சது. அதே வருஷம் பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்துச்சு. இன்னைக்கும் ஸ்கூல் திறக்கிறதுக்கு முன்னாடி வண்டிகளை வரிசையா நிறுத்தி செக் பண்றாங்க. அதே குழந்தை நம்ம சொந்தக் கார்ல ஏறினா மட்டும் எந்த விதியும் இல்லாத மாதிரி நடந்துக்கிறோம்.

14/
விதி இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 194பி, 2019 செப்டம்பர்ல இருந்து அமல்ல இருக்கு. 14 வயசு தாண்டாத குழந்தையை பெல்ட்டோ சைல்டு சீட்டோ இல்லாம கூட்டிட்டுப் போனா 1,000 ரூபாய் அபராதம். ஹெல்மெட்டுக்கு மடக்குற அளவுக்கு இதுக்கு யாராவது மடக்கிப் பார்த்திருக்கீங்களா? மடக்கணும். வாடகைக் கார்கள்ல கேட்டா சைல்டு சீட் கிடைக்கணும். டோல்கேட்ல காசு வாங்குறாங்க, அங்க சுத்தமான டாய்லெட்டும் பால் குடுக்க ஒரு ரூமும் கேட்கிறது பேராசை இல்ல.

15/
"சீட் விலை ஜாஸ்தி டாக்டர்." உண்மைதான், பல ஆயிரம் ஆகும். ஆனா காருக்கு அலாய் வீல், மியூசிக் சிஸ்டம் போடும்போது இந்தக் கேள்வி வர்றதில்ல. அண்ணன் குழந்தைக்குச் சின்னதாப் போன சீட் தம்பி குழந்தைக்கு ஆகும். விபத்துல சிக்காததா, காலாவதி ஆகாததா இருந்தா போதும்.

16/
"சின்ன கார், எட்டு பேர் போகணும்"னா என் பதில் ரயில். எழும்பூர்ல இருந்து சோழன் எக்ஸ்பிரஸ் பகல்லயே கடலூர், சிதம்பரம் வழியாப் போகுது. 5 வயசுக்குக் கீழ, தனி இடம் கேட்கலைன்னா டிக்கெட்டே வேணாம். குழந்தை நடக்கலாம், ஜன்னல்ல வேடிக்கை பார்க்கலாம்.

17/
ஏதாவது ஆனா: 108. வழியில புதுச்சேரியில ஜிப்மர், கடலூர்ல அரசு தலைமை மருத்துவமனை, சிதம்பரம் அண்ணாமலை நகர்ல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 2021 டிசம்பர்ல மேல்மருவத்தூர்ல தொடங்கின "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்துல, சாலை விபத்துல அடிபட்டவங்களுக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். திட்டத்துல சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலயும் தான். பணம் இல்லைன்னு தயங்காதீங்க.

18/
சீட்டுல உட்கார வச்சா முதல் ரெண்டு நாள் குழந்தை அழும். தடுப்பூசி போடும்போதும் அழுதுச்சு. அழுகுதுன்னு நாம ஊசியை நிறுத்தல. அடுத்த லீவுக்கு ஹோட்டல் புக் பண்றதுக்கு முன்னாடி சீட்டை வாங்கி, பக்கத்துத் தெருவுக்குப் போகும்போதே பழக்குங்க.

குழந்தை உள்ள வீட்டுக்கு இதை அனுப்புங்க. பத்திரமாப் போய்ட்டு வாங்க.