பருப்பைக் கேட்டால் பொடியா?

ரேஷன் அரிசியைச் செறிவூட்டும் திட்டத்தை 2028 டிசம்பர் வரை நீட்டித்து, அதற்கு 17,082 கோடி ரூபாயையும் 2024 அக்டோபரில் ஒதுக்கியது மத்திய அமைச்சரவை. 2021 சுதந்திர தின உரையில் பிரதமர் இத்திட்டத்தை அறிவித்த நாளிலிருந்து எழுந்த கேள்விகளுக்கு இன்னும் உருப்படியான பதில் வரவில்லை. பணம் மட்டும் வந்துவிட்டது.

நூறு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ செயற்கை மணி. அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து இயந்திரத்தில் பிழிந்தெடுத்தது. அரிசி களையும்போது அது மிதந்து வருகிறது. 'பிளாஸ்டிக் அரிசி' என்று பயந்து பல வீடுகளில் அள்ளிக் கொட்டுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கடையில் கைரேகை வாங்குகிறவர்கள் இது இன்னதென்று எடுத்துச் சொல்வதில்லை.

கொட்டாமல் சமைத்தாலும் கணக்கு இடிக்கிறது. கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு என்பது விதி. ஆளுக்கு மாதம் 5 கிலோ என்றால், நாளொன்றுக்கு அதிகபட்சம் 7 மில்லிகிராம். பெண்களின் அன்றாடத் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020இல் சொன்னதோ 29. அந்த ஏழிலும் உடம்பில் சேருவது சொற்பம்.

இரும்பு மட்டும் ரத்தமாகிவிடாது. ஹீமோகுளோபின் என்பதே இரும்பைத் தாங்கிய புரதம்தான். அதை உண்டாக்க வேண்டிய புரதச்சத்து பருப்பிலும் முட்டையிலும் மீனிலும் இருக்கிறது. தானியத்திலுள்ள இரும்பைக் குடல் நன்றாக உறிஞ்ச வைட்டமின் சி வேண்டும். ஒரு கொய்யா, அரை மூடி எலுமிச்சை போதும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் கிடைப்பதும் குறைகிறது. இத்தனையும் பள்ளிப் பாடத்தில் இருப்பவை.

உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 2013இல். இன்றுவரை அதன்படி ரேஷனில் உரிமையாகக் கிடைப்பது அரிசி, கோதுமை, சிறுதானியம் மட்டுமே. பருப்பு இல்லை. எண்ணெய் இல்லை. தமிழ்நாடு 2007 முதல் சொந்தச் செலவில் அட்டைக்கு ஒரு கிலோ துவரம்பருப்பை 30 ரூபாய்க்குத் தருகிறது. நான்கு பேர் வீட்டில் அதைப் பங்கிட்டால் ஆளுக்கு நாளைக்கு எட்டு கிராம். சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டும். பல மாநிலங்களில் அதுவும் கிடையாது. பெருந்தொற்றின்போது 2020 ஏப்ரல் முதல் நவம்பர் வரை குடும்பத்துக்கு மாதம் ஒரு கிலோ பருப்போ கொண்டைக்கடலையோ இலவசமாகக் கொடுத்தவர்களும் இதே மத்திய ஆட்சியாளர்கள்தான். கொடுக்க முடியும் என்று காட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

இவர்களின் பழைய கணக்கு தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. ரத்தசோகையை ஆண்டுக்கு மூன்று சதவீதப் புள்ளி குறைப்போம் என்று 2018இல் முழங்கினார்கள். 2015-16இல் 53 சதவீதப் பெண்களுக்கு இருந்த ரத்தசோகை, 2019-21 ஆய்வில் 57 சதவீதமாக ஏறியிருந்தது. உடனே என்ன செய்தார்கள்? அடுத்த தேசியக் குடும்பநல ஆய்வில் ரத்தசோகைப் பரிசோதனையையே எடுத்துவிட்டு, வேறோர் ஆய்வில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். 2020 கல்விக் கொள்கையில் காலைச் சிற்றுண்டி என்று எழுதினார்கள். பணம் கேட்டபோது கையை விரித்தார்கள். உடம்பில் இரும்பு மிகும் தலசீமியா நோயாளிகள் மருத்துவரைக் கேட்டு உண்ண வேண்டும் என்று அரிசிப் பையில் இருந்த எச்சரிக்கை வாசகத்தையும் நீக்கிவிட்டார்கள். அரிசியில் இரும்பு கலப்பதால் ரத்தசோகை பெரிதாகக் குறைவதாகத் தெரியவில்லை என்று 2019இல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொன்னது. அது இவர்கள் காதில் ஏறவில்லை. ஆலை வைத்து மணி பிழிபவர்களுக்கு மட்டும் நாலு வருடத்துக்கு நிச்சயமான வியாபாரம்.

அரிசிக்குள் எதைக் கலப்பது என்று யோசித்தது போதும். அரிசியோடு ஏழையின் தட்டில் வேறு என்ன விழ வேண்டும் என்று இனியாவது யோசியுங்கள். பருப்புக்குப் பணமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 17,082 கோடி எங்கிருந்தோ வந்ததை நாடே பார்த்துவிட்டது.