ஆட்சேபம் தீர்ப்பாகிவிடக் கூடாது

2016 பிப்ரவரியில் டாக்கா கலை உச்சி மாநாட்டில், ரித்து சரின், டென்சிங் சோனம் இருவரின் படைப்பில் இடம்பெற்ற ஐந்து கடிதங்கள் வெள்ளைத் தாளால் மூடப்பட்டன. தீக்குளித்த திபெத்தியர்களின் இறுதிக் கடிதங்கள் அவை. எந்த நீதிமன்றமும் மூடச் சொல்லவில்லை. சீனத் தூதரின் ஆட்சேபமே போதுமானதாக இருந்தது. 2011 ஜனவரியில் டெல்லியில் நடந்த இந்திய கலை உச்சி மாநாட்டிலும் மிரட்டலுக்கு அஞ்சி எம்.எஃப். உசேனின் ஓவியங்கள் அகற்றப்பட்டன. அரசு பாதுகாப்புக்கு உறுதியளித்ததும் அவை மீண்டும் மாட்டப்பட்டன. பாதுகாப்புத் தரும் உறுதி இருந்தால் கலைக்கு இடம் கிடைக்கும் என்பதற்கு இதுவே சான்று.

மக்கள் மனம் புண்படாதா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் ஒரு தூதரகத்தின் அதிருப்தி மக்களின் மனவேதனை ஆகாது. உண்மையாகவே புண்பட்டவருக்கு நீதிமன்றக் கதவு திறந்திருக்கிறது. உசேன் மீதான வழக்குகளை 2008இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ரத்து செய்தவர் நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல். திருச்செங்கோட்டைக் களமாகக் கொண்ட பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவல் வழக்கிலும், 2016இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக அவரே எழுத்தாளரின் பக்கம் நின்றார். பிடிக்காதவர் விலகிச் செல்லலாம். பிறர் பார்ப்பதைத் தடுக்க அவருக்கு உரிமையில்லை. கண்காட்சி அமைப்பாளர்கள் நீதிமன்ற ஆணையின்றி எந்தப் படைப்பையும் அகற்ற மாட்டோம் என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்; அரசு அவர்களுக்குத் துணை நிற்க வேண்டும்.