மொட்டை மாடிச் சாவி யாரிடம்?

போன வைகாசியில் ஒரு கல்யாணத்துக்காகத் திருச்சி போயிருந்தேன். வந்ததுதான் வந்தோம், துவாக்குடியில் இருக்கிற சித்தப்பாவையும் ஒரு எட்டு பார்த்துவிடலாம் என்று தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறினேன். காலை பதினொரு மணி. பஸ் ஸ்டாப்பிலிருந்து ஃபிளாட்டுக்கு நடந்த ஐந்து நிமிஷத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. திருச்சி வெயிலைப் பற்றித் திருச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொன்னால் புரியாது.

வீட்டுக்குள் போனால், பின்னறையில் பட்டப்பகலில் இரண்டு டியூப்லைட் எரிகிறது. சுவரில் இல்லை. ஓர் இரும்பு ஷெல்ஃபில், தட்டுக்கு ஒரு சாண் உயரத்தில் தொங்குகிறது. கீழே பிளாஸ்டிக் குழித்தட்டு. குழிக்கு ஒன்றாகத் தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்று.

"என்ன சித்தப்பா இது, ஐ.சி.யூ. வார்டு மாதிரி இருக்கு?"

"யூடியூப்ல ஒரு வெள்ளைக்காரன் காட்டினான்டா. தினம் பதினாறு மணி நேரம் எரியணுமாம். ஆடிப்பட்டத்துக்கு இப்பவே நாத்து விட்டாத்தானே ஆகும்?"

எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. காரணம் இருக்கிறது. சித்தப்பா பாய்லர் ஆலையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். செக்கோஸ்லோவாகியா உதவியோடு 1965-ல் தொடங்கிய திருச்சி பி.எச்.இ.எல். ஆலை, நாடு முழுக்க அனல் மின்நிலையங்களுக்குக் கொதிகலன் செய்து அனுப்புகிற இடம். கரியை எரித்தால் எத்தனை கரண்ட் என்பது அவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் சொன்னேன்.

இரண்டு எல்.இ.டி. டியூப், இருபது வாட் வீதம் நாற்பது வாட். பதினாறு மணி நேரம் என்றால் ஒரு நாளைக்கு 0.64 யூனிட். மாதத்துக்குப் பத்தொன்பது யூனிட். நிலக்கரியில் ஒரு யூனிட் எடுக்கச் சுமாராக 700 கிராம் கரி வேண்டும். ஆக, மூன்று தட்டு நாற்றுக்கு மாதம் பதின்மூன்று கிலோ கரி! வெளியே சூரியன் ஓசியில் கொளுத்திக்கொண்டிருக்கிறது.

வெள்ளைக்காரன் முட்டாள் இல்லை. லண்டனில் டிசம்பர் மாதத்துப் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. பனிக்காலம் முடிந்து தோட்டத்தில் நட வேண்டிய தக்காளியை ஆறேழு வாரம் முன்பே வீட்டுக்குள் முளைக்கவைத்தால்தான் அங்கே கோடை முடிவதற்குள் காய் பார்க்கலாம். வெளியே விதைத்தால் உறைபனியில் செத்துப்போகும். அவனுக்கு விளக்கு தேவை.

நமக்கு? திருச்சியில் வருஷத்தின் மிகச் சின்னப் பகலே பதினொன்றரை மணி நேரம். இங்கே நாற்றுப்பண்ணை வைத்திருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? பச்சை நிழல்வலை கட்டி வெயிலைப் பாதியாகக் குறைக்கிறார்கள். அவன் வெளிச்சத்தைக் காசு கொடுத்து வாங்குகிறான். நம் ஆள் காசு கொடுத்து வெளிச்சத்தைத் தடுக்கிறார். நடுவில் சித்தப்பா, ஜன்னலைச் சாத்திவிட்டு டியூப்லைட் போடுகிறார்.

செயற்கை வெளிச்சமே ஆகாது என்று சொல்லவில்லை. திருச்சியிலேயே 1993 முதல் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. திசு வளர்ப்பு வாழை என்றால் கண்ணாடிக் குப்பிக்குள், விளக்கு வெளிச்சத்தில்தான் குட்டி வளர்கிறது. ஆனால் அந்த லேப் குழந்தையும் ஒரு நாள் வெளியே வந்து நிழல்வலைக்குள் பழகி, அப்புறம் வெயிலுக்கு வந்தாக வேண்டும். வெயில் படாத வாழை தார் போடாது.

இதையெல்லாம் நான் அடுக்கி முடிக்கும் வரை சித்தப்பா பொறுமையாகக் கேட்டார். அப்புறம் எழுந்தார்.

"எல்லாம் சரிடா. வெயில் எங்க இருக்கு, காட்டு."

பால்கனிக் கதவைத் திறந்தார். நாலடி தள்ளிப் பக்கத்து அபார்ட்மெண்டின் சுவர். வைகாசி மாதத்துப் பதினொரு மணிக்கு அந்த பால்கனியில் பேப்பர் படிக்க முடியாது.

"மொட்டை மாடி?"

சித்தி சமையலறையிலிருந்து பதில் சொன்னார்: "அது பூட்டிக் கிடக்குப்பா. சாவி செக்ரட்டரி வீட்டுல."

என் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

குவார்ட்டர்ஸில் இருந்தவரை கொல்லையில் முருங்கை, அவரைப் பந்தல், கத்தரிச் செடி என்று வாழ்ந்த மனுஷர். ரிட்டயர்மெண்ட் பணத்தில் ஃபிளாட் வாங்கினார். அசோசியேஷன் தீர்மானம் போட்டிருக்கிறது: மாடியில் தொட்டி வைக்கக் கூடாது, தண்ணீர் ஒழுகும். பசங்க போய் சிகரெட் பிடிப்பார்கள். காதல் பண்ணுவார்கள். ஆகவே பூட்டு. ஆனால் செக்ரட்டரி வீட்டு வடாமும் மிளகாயும் மட்டும் வருஷா வருஷம் அந்த மாடியில் தவறாமல் காய்கின்றன!

இது துவாக்குடியில் ஒரு ஃபிளாட்டின் கதை மட்டும் இல்லை. உங்கள் அபார்ட்மெண்டில் சாவி யாரிடம் இருக்கிறது?

ஃபிளாட் வாங்கும்போது நாம் நான்கு சுவரை மட்டும் வாங்கவில்லை. நிலத்தில் பிரிக்கப்படாத பங்கையும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறோம். 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பொதுப் பகுதிகள் எவை என்று சொல்லும்போது மொட்டை மாடியைப் பெயர் சொல்லியே சேர்க்கிறது. அதற்கு முன் கட்டிய வீடு என்றால் உங்கள் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். பொதுப் பகுதி என்றால் எல்லோருக்கும் பொது. நான் பாட்டுக்கு இருபது தொட்டியைக் கொண்டுபோய் அடுக்கவும் முடியாது, செக்ரட்டரி பாட்டுக்குப் பூட்டவும் கூடாது. உட்கார்ந்து பேசி இடம் பிரித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

ஒழுகும் என்ற பயம் நியாயமானது. கடைசி மாடிக்காரர் கூரையில் ஈரம் ஊறினால் அவர்தான் அவதிப்படுவார். அதற்கு வழி இல்லையா? பையைத் தரையில் வைக்காமல் இரும்பு ஸ்டாண்டில் வைக்கலாம். மண்ணுக்குப் பதில் எடை குறைந்த தென்னைநார்க் கழிவு போடலாம். வடியும் தண்ணீருக்குக் கீழே தட்டு வைக்கலாம். செடி வைப்பவர்கள் டெபாசிட் கட்டட்டும். வருஷத்துக்கு ஒரு முறை கொத்தனார் வந்து பார்க்கட்டும். ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஒரு டன் கனத்தோடு அதே மாடியில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தாங்குகிற கட்டடம் நாலு வெண்டைச் செடியில் இடிந்து விழுந்துவிடுமா?

தமிழக அரசு 2013 வாக்கில் சென்னையிலும் கோவையிலும் மாடித் தோட்டத் திட்டம் ஆரம்பித்தது. பை, தென்னைநார்க் கட்டி, விதை எல்லாம் மானிய விலையில் கொடுத்தார்கள். நல்ல காரியம். ஆனால் பையைக் கொடுத்த அரசு, மாடிக்குப் போகும் கதவைப் பற்றி யோசித்திருக்க வேண்டாமா? 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கி ஒவ்வொரு மாடிக்கும் குழாய் போடவைத்த மாநிலம் இது. வானத்திலிருந்து விழுகிற தண்ணீருக்குச் சட்டம் போட முடிந்தது. விழுகிற வெயிலுக்கு முடியாதா? குடியிருப்போர் கேட்டால் மாடியில் ஒரு பகுதியைச் செடிக்கு ஒதுக்க வேண்டும் என்று ஒரு வரி விதி போதும். ஒரு கட்டடத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் விட வேண்டிய இடத்தை ஒழுங்காக விட்டார்களா என்று அளந்து பார்த்திருந்தால் இந்த பால்கனிப் பிரச்னையே வந்திருக்காது.

மறுபடியும் அந்தப் பின்னறைக்குப் போய்ப் பார்த்தேன். டியூப்லைட் போதவில்லை. நாற்றுகள் நெட்டையாக, வெளிறி, வெளிச்சத்தைப் பார்த்துக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தன. வெட்டவெளியில் உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ். நம் வீட்டு அறை வெளிச்சம் சில நூறுதான். இரண்டு டியூப் எவ்வளவுதான் ஈடுகட்டும்?

"சரி சித்தப்பா, இருபத்தஞ்சு நாள்ல நாத்து தயாராயிடும். எங்க நடுவீங்க?"

அவர் பதில் சொல்லவில்லை. சித்திதான் சொன்னார். "யார் யாருக்கெல்லாம் சொந்த வீடு இருக்கோ, அவங்களுக்குக் குடுத்துட்டு வந்துடுவார். போன தடவையும் அப்படித்தான்."

கிளம்பும்போது எனக்கும் ஒரு பேப்பர் கப்பில் நாலு தக்காளி நாற்று வைத்துக் கொடுத்தார். சென்னைக்குக் கொண்டுவந்தேன். எங்கள் மாடியும் பூட்டியிருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பன்னிரண்டு வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறேன். ஒரு தடவைகூடச் சாவி கேட்டதில்லை.

அன்று சாயங்காலமே போய்க் கேட்டேன். "எதுக்கு சார்?" என்றார்கள்.

நம் வீட்டு மாடிக்கு நாம் போகக் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்களும் இன்று போய்க் கேட்டுப் பாருங்கள். தர முடியாது என்றால், அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள்.