புயல் பிய்த்த பச்சை இலை

மதிப்புக்குரிய யாழ்ப்பாண மாவட்டச் செயலாளர் அவர்களுக்கு,

2008இல் நிஷா, 2020இல் புரெவி எனப் புயல்கள் எங்களைத் தாக்கின. புயலுக்குப் பிறகு கூரையும் மின்கம்பமும் முதலில் கணக்கெடுக்கப்படுவது நியாயமே. நான் எழுதுவது தீவகக் கரைகளில் அதன்பின் நடக்கும் துப்புரவைப் பற்றி.

மரம் தானாக இலை உதிர்க்கும்போது அதிலுள்ள நைதரசன், பொசுபரசில் ஏறத்தாழப் பாதியைக் கொப்புக்குள் இழுத்துக்கொண்டுதான் பழுத்ததைக் கைவிடும். புயல் அந்த அவகாசத்தைக் கொடாது. சத்தோடு சேர்த்துப் பச்சையாகவே பிய்த்தெறியும். பொட்டாசியம் அடுத்த மழையிலேயே கரைந்து ஓடிவிடும். மற்ற இரண்டும் இலை உக்க உக்கத்தான் வேருக்குக் கிடைக்கும். பூவரசங்குழை தாழ்க்கும் எங்கள் தோட்டக்காரருக்கு இதை விளக்கவா வேண்டும்? சருகும் குழையும் ஒன்றல்ல என்பது அவர்களுக்குத் தெரிந்ததுதான்.

நெடுந்தீவு போன்ற முருகைக்கல் தரையில் இது இன்னும் பெரிய விடயம். சுண்ணாம்பு பொசுபரசைப் பிடித்து வைத்துக்கொண்டு செடிக்கு விடாது. அங்கே உக்கும் இலை ஒவ்வொன்றும் கணக்கில் வரும். அமெரிக்காவின் எவர்கிளேட்ஸ் சதுப்பும் இதேபோலச் சுண்ணாம்புத் தரைதான். 2017இல் இர்மா புயல் அங்குள்ள கண்டல் காட்டுக்குள் பொசுபரசு நிறைந்த கடற்சேற்றைக் கொண்டுவந்து கொட்டியது. அழிவென்று நாம் பார்ப்பதில் ஒரு பங்கு பசளை. ஆனால் அதே புயலில், வெள்ளம் வடியாமல் தேங்கிய இடங்களில் மரங்கள் கூட்டமாகப் பட்டுப்போயின. உப்புநீர் தேங்கினால் வேர் மூச்சு முட்டும். எத்தனை பசளை கிடந்தும் பயனில்லை.

ஆகவே கேட்பது இதுதான். வீதியிலும் வாய்க்காலிலும் விழுந்ததை அகற்றுங்கள். கண்டற்காட்டு மரங்களில் ஒன்றான கண்ணாவின் பற்றைக்குள் கிடப்பதை வாரி எரிக்க வேண்டாம். கடல் ஒதுக்கும் சாதாளையையும் அப்படியே விடுங்கள். அல்லது கேட்கும் தோட்டக்காரர் ஏற்றிப்போகட்டும். அது முன்பு எங்கள் தோட்டங்களுக்குப் பசளையாகப் போனதுதான். மொட்டையாக நிற்கும் கண்ணாவைப் பட்டமரம் என்று தறித்துவிட வேண்டாம், அது அடிமரத்திலிருந்தும் துளிர்க்கும். கண்டல் என்றே பெயர்கொண்ட மரத்துக்கு அந்த வல்லமை குறைவு. நாற்று நட வேண்டுமானால் அது பட்டுப்போன இடத்தில் நடலாம்.

இயந்திரத்துக்கு உண்மையான வேலை தாம்போதிகளில் இருக்கிறது. பண்ணை வீதியிலும் வேலணை – புங்குடுதீவுப் பாதையிலும் உள்ள மதகுகளை மாரி தொடங்குமுன் தூர்வாரி, வற்றும் பெருக்கும் தடையின்றிப் போய்வரச் செய்யுங்கள். பிரதேச செயலகங்களின் அனர்த்த முகாமைத் திட்டத்தில் இந்தத் துப்புரவு முறை, மதகு தூர்வாரல் ஆகிய இரண்டையும் எழுத்தில் சேர்க்க வேண்டும் என்பதே விண்ணப்பம்.

இங்ஙனம்,
தீவகவாசி ஒருவர்