அலாரத்தை மறைத்தால் பழுது நீங்கிவிடுமா?

என் சித்தப்பா வீட்டில் ஒரு டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் உள்ளது. சில மாதங்களாக அதனை ஆன் செய்தவுடன் கறுப்புத் திரையில் ஓர் எச்சரிக்கை வந்து நிற்கும். ஹார்ட் டிஸ்க் பழுதாகும் நிலையில் உள்ளது, பைல்களை பேக் அப் எடுத்துக் கொண்டு டிஸ்க்கை மாற்றவும் என்று அதில் இருக்கும். தொடர்வதற்கு எப்1 கீயை அழுத்தவும் என்று கீழே ஒரு வரி. சித்தப்பா மூன்று மாதம் தினமும் எப்1 அழுத்தினார். "அதை அழுத்தினால் சரியாகிவிடுகிறதே" என்பது அவர் கட்சி. ஒரு நாள் எப்1 அழுத்தியும் விண்டோஸ் வரவில்லை. தங்கையின் கல்யாணப் போட்டோக்கள் அந்த டிஸ்க்கோடு போயின.

சித்தி அவரைத் திட்டித் தீர்த்தார். என்னால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. காரணம், இதே தவறை நான் ஒரு ஊர் அளவில் செய்திருக்கிறேன்.

நான் வேலை பார்ப்பது நெட்வொர்க் மேனேஜ்மென்ட் சிஸ்டம் என்னும் சாப்ட்வேர் பிரிவில். சுருக்கமாக என்.எம்.எஸ். என்போம். உங்கள் வீட்டு இன்டர்நெட்டும் போன் பேச்சும் ஊர் விட்டு ஊர் செல்வது ஆப்டிகல் பைபர் கேபிள் வழியாகத்தான். தலைமுடி அளவு கண்ணாடி இழையில் லேசர் ஒளியாகத் தகவல் ஓடுகிறது. அதன் இரு முனைகளிலும் கருவிகள் உண்டு. ஒளி வரவில்லை, லேசர் பழசாகிறது, விசிறி நின்றுவிட்டது, கருவி சூடாகிறது என்று அவை ஒவ்வொன்றும் முறையிட்டுக் கொண்டே இருக்கும். இந்த முறையீடுதான் அலாரம். எல்லாக் கருவிகளின் அலாரங்களையும் ஒரே திரையில் பட்டியலாகக் காட்டுவது என்.எம்.எஸ். வேலை.

பட்டியலில் ஒவ்வொரு அலாரத்திற்கும் ஒரு தரம் உண்டு. கிரிட்டிகல், மேஜர், மைனர், வார்னிங் என்ற இந்த வரிசையை ஐ.டி.யு. என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பு 1992ல் எக்ஸ்.733 என்ற பரிந்துரையில் வகுத்தது. பெரும்பாலான திரைகளில் கிரிட்டிகல் சிவப்பு, மேஜர் ஆரஞ்சு, மைனர் மஞ்சள். ஒரு அலாரத்தைத் தேர்ந்தெடுத்து 'அக்னாலெட்ஜ்' என்ற பட்டனை அழுத்தலாம். இதற்குப் பொருள் 'பார்த்துவிட்டேன்' என்பது மட்டுமே. சரிசெய்துவிட்டேன் என்பதல்ல. சரியாகிவிட்டது என்று சொல்லும் உரிமை கருவிக்குத்தான் உண்டு. ஒளி திரும்ப வந்தால் கருவியே தகவல் அனுப்பும். அப்போதுதான் அலாரம் நீங்கியதாகக் கணக்கு. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு முதல் நாளே இதனைச் சொல்லிக் கொடுப்போம். சொல்லிக் கொடுத்த நாங்களே அதனை மறந்தோம்.

நடந்தது இதுதான். எங்கள் சாப்ட்வேரை வாங்கிய ஒரு நிறுவனத்தின் நெட்வொர்க் வளைய வடிவில் அமைந்திருந்தது. வளையத்தில் ஓர் இடத்தில் கேபிள் அறுந்தால், தகவல் எதிர்த் திசையில் சுற்றிக் கொண்டு போய்விடும். இந்த மாற்றம் 50 மில்லி விநாடிக்குள் முடிந்துவிட வேண்டும் என்பது கணக்கு. போனில் பேசிக் கொண்டிருப்பவருக்குக்கூடத் தெரியாது. மிக அழகான ஏற்பாடு. ஆனால் அதன் பிறகு அந்த வளையம் ஒற்றைக் காலில் நிற்கிறது.

சாலை தோண்டியபோது ஒரு பக்கம் கேபிள் அறுந்தது. சேவை எதுவும் பாதிக்கப்படாததால் எங்கள் சாப்ட்வேர் அந்த அலாரத்தைத் தானாகவே மஞ்சளுக்குத் தரம் இறக்கியது. இரவுப் பணியில் இருந்தவர் அக்னாலெட்ஜ் செய்தார். அக்னாலெட்ஜ் செய்த அலாரங்களைத் திரையில் இருந்து மறைக்கும் பில்டர் ஒன்று உண்டு. அதுவே மாறா நிலையாக அமைக்கப்பட்டிருந்தது. காலையில் வந்தவர் கண்ணில் எதுவும் படவில்லை. கேபிளை ஒட்ட யாரும் போகவில்லை. பதினாறாம் நாள் வளையத்தின் மறுபக்கமும் அறுந்தது. ஒரு ஊர் முழுவதும் பகலில் ஆறு மணி நேரம் போன் இல்லை, ஏ.டி.எம். இல்லை, இன்டர்நெட் இல்லை. அந்த ஆறு மணி நேரத்தில் ஆம்புலன்சுக்குப் போன் செய்ய முயன்றவர் யாராவது இருந்தாரா என்று எனக்குத் தெரிய வழியில்லை.

அந்த பில்டரை எழுதியவன் நான். 'திரை சுத்தமாக இருக்க வேண்டும்' என்று வாடிக்கையாளர் கேட்டார், எழுதிக் கொடுத்தேன். இரவுப் பணியில் இருந்தவருக்கு மெமோ கொடுத்தார்கள். எனக்கு யாரும் கொடுக்கவில்லை.

திரை ஏன் சுத்தமாக இருக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள்? அதற்கும் நாங்களே காரணம். எஸ்.டி.எச். என்ற பழைய தொழில்நுட்பத்தை எடுத்துக் கொள்ளுங்கள். அதில் 2.5 கிகாபிட் வேகமுள்ள ஒரு இணைப்பில் 1,008 சிறு இணைப்புகளை அடுக்கி அனுப்பலாம். மாற்று வழி இல்லாத இடத்தில் கேபிள் அறுந்தால், ஒளி வரவில்லை என்று முனைக்கு ஒரு அலாரம் போதும். ஆனால் அடுக்கில் இருந்த ஒவ்வொரு சிறு இணைப்பும் 'எனக்கும் வரவில்லை' என்று இரு முனைகளிலும் கத்தும். இரண்டாயிரத்துக்கு மேல் அலாரங்கள். உண்மைப் பழுது ஒன்று. எது வேர், எது கிளை என்று பிரித்துக் காட்டாத சாப்ட்வேர், சாப்ட்வேரே அல்ல என்பது என் கருத்து. ஒரு நொடி வந்து மறு நொடி போகும் அலாரங்கள் இன்னொரு தொல்லை. அதனால்தான் பழுது தொடர்ந்து இரண்டரை விநாடி இருந்தால்தான் அலாரம், பத்து விநாடி பழுதின்றி இருந்தால்தான் நீக்கம் என்று வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் 1979 மார்ச் 28ல் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் விபத்து நடந்தபோது, முதல் சில நிமிடங்களிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட அலாரங்கள் ஒலித்தன. முக்கியமானது எது என்று பிரித்தறிய அங்கிருந்தவர்களுக்கு வழியில்லாமல் போனது. அதிகமான அலாரம் மனிதனைச் செவிடாக்கும்.

அதற்காக அமைதியை நம்பிவிடவும் முடியாது. 2003 ஆகஸ்ட் 14ல் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியும் கனடாவின் ஒரு பகுதியும் இருளில் மூழ்கின. சுமார் ஐந்து கோடிப் பேருக்கு மின்சாரம் இல்லை. ஒஹையோ மாநிலத்தின் பர்ஸ்ட்எனர்ஜி மின் நிறுவனத்தில் அலாரம் காட்டும் சாப்ட்வேர் பிற்பகல் 2.14க்குப் பிறகு ஒரு புரோகிராம் பிழையால் ஓசையில்லாமல் நின்றுபோனது. மின்கம்பிகள் மரங்களில் உரசி ஒவ்வொன்றாகத் துண்டிக்கப்பட்டன. திரையில் எதுவும் வராததால் எல்லாம் நலம் என்று ஆபரேட்டர்கள் இருந்தார்கள். வெளியில் இருந்து வந்த போன் தகவல்களைக்கூட முதலில் நம்பவில்லை. 4.10 மணிக்கெல்லாம் விஷயம் கைமீறிவிட்டது. அலாரம் சிஸ்டமே உயிரோடு இருக்கிறதா என்று கண்காணிக்க ஒரு ஏற்பாடு வேண்டும் என்று நான் எந்தக் கூட்டத்திலும் சொல்வது இதனால்தான். செலவு என்று தள்ளிவிடுவார்கள்.

சரி, இதெல்லாம் எங்களுக்கு எதற்கு என்று கேட்கிறீர்களா? பைபர் இணைப்பு வாங்கியிருந்தால் உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் சிறு பெட்டியும் இந்தக் கருவிகளில் ஒன்றுதான். அதில் எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். கம்ப்யூட்டரை ரீ ஸ்டார்ட் செய்வதாலோ, விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்வதாலோ (செய்தவரை எனக்குத் தெரியும்) அது மாறாது. பெட்டியின் பின்னால் உள்ள ரீசெட் துளையில் ஊசியை விடாதீர்கள். உங்கள் இணைப்புக்காகச் செய்த செட்டிங்குகள் அழிந்துவிட்டால் கேபிள் சரியான பிறகும் இன்டர்நெட் வராது. மெல்லிய மஞ்சள் கேபிள் மேஜைக் காலில் மடங்கிக் கிடக்கிறதா என்று பாருங்கள். முனையைக் கழற்றிக் கண்ணில் வைத்துப் பார்க்க வேண்டாம். அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது. பிறகு போன் செய்து, 'நெட் வரவில்லை' என்பதற்குப் பதில் 'எல்.ஓ.எஸ். சிவப்பு' என்று சொல்லுங்கள். எதிர்முனையில் இருப்பவருக்குப் பாதி வேலை மிச்சம்.

இந்தப் பெட்டியில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. கரண்ட் போனால், உள்ளே மிச்சமிருக்கும் துளி மின்சாரத்தைக் கொண்டு, அணைவதற்கு முன் ஒரு கடைசித் தகவலை அனுப்பிவிடும். 'டையிங் காஸ்ப்', அதாவது கடைசி மூச்சு என்று இதற்குப் பெயர். கேபிள் அறுந்ததா, வீட்டில் கரண்ட் இல்லையா என்று அங்கிருப்பவர்களுக்கு இதனால் தெரிந்துவிடும். ஒரே அலாரம், வீண் சத்தம் இல்லை, தேவையான செய்தி மட்டும். எங்கள் கருவிகள் எல்லாம் இப்படிப் பேசினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

என் பில்டரை நான் மாற்றி எழுதினேன். அக்னாலெட்ஜ் செய்த அலாரம் இப்போது மறைவதில்லை. சற்று மங்கலாகி, எத்தனை நாளாக இருக்கிறது என்ற எண்ணோடு பட்டியலிலேயே நிற்கும். ஏழு நாள் தாண்டினால் மைனர் தானாக மேஜராகும். புதிய வெர்ஷன் போன முதல் மாதமே, திரை அசிங்கமாக இருக்கிறது, பழையபடி மறைக்கும் பட்டன் வேண்டும் என்று கடிதம் வந்தது. மேனேஜர் கொடுத்துவிடு என்கிறார். மறைக்கும் பட்டன் கொடுக்கிறேன், ஆனால் எட்டு மணி நேரத்தில், அதாவது ஒரு ஷிப்ட் முடிந்ததும், மறைந்தவை எல்லாம் திரும்ப வரும் என்று பதில் எழுதியிருக்கிறேன். சித்தப்பாவுக்குப் புது ஹார்ட் டிஸ்க் போட்டாகிவிட்டது. பழைய டிஸ்க்கில் இருந்து போட்டோக்களை மீட்க முடியுமா என்று பார்க்க ரிச்சி தெருவில் ஒரு கடையில் கொடுத்திருக்கிறோம்.