மேல்முறையீட்டுக்கு எங்கே போவது?



கிருஷ்ணகிரி மாவட்ட மறுவாழ்வு முகாமில் பிறந்து, ஓசூர் கம்பெனிகளில் வேலை தேடும் இலங்கைத் தமிழ் இளைஞரின் புகலிட மனுவை விசாரித்த அதிகாரி யார்? ஒருவருமில்லை. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. புகலிடச் சட்டமும் இல்லை. ஆனால் கனடாவில் புகலிட மனு தள்ளுபடியானால் முறையிட 2012 முதல் தனி மேல்முறையீட்டுப் பிரிவே இருக்கிறது.

2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களைப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து மத்திய அரசு 2025 செப்டம்பரில் விலக்கியது. நல்லதுதான். ஆனால் குடியுரிமை? ஒரே அகதிக் குடும்பத்தில் 1987 ஜூலை 1க்கு முன் இங்கு பிறந்த அண்ணன் இந்தியக் குடிமகன். பின்னர் பிறந்த தம்பி அயல்நாட்டவனாம்! முகாம் தமிழர்களின் புகலிட, குடியுரிமை மனுக்களைக் காலக்கெடு வைத்து விசாரிக்கவும், நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தரவும் மத்திய அரசு ஏற்பாடு செய்யட்டும்.

ஒரு வாசகர்,
ஓசூர்